மேல் மாடிக் கெட்டிமேளம்

இல்லண்ணே, நான் நேர்ல பார்க்கல. நீங்க வாட்ஸ்அப்புல பார்த்த அதே வீடியோவத்தான் நானும் மொதல்ல பார்த்தேன். மீதிக் கதை எல்லாம் மருதமுத்து மாமா சொன்னது. அந்தக் கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு வீட்டு வேன அவருதான் ஓட்டுனாரு. நல்ல மனுசன், ஆனா ஒன்ன ஒன்றரையாச் சொல்லுவாரு. அதையும் சேர்த்தேதான் கேட்டுக்கங்க.

சிரிங்க, பரவால்ல. எல்லாருந்தான் சிரிச்சாங்க. நான் பயந்து போய் உக்காந்திருக்கேன்னு என்னையும் சிரிக்க வைக்கத்தான அந்த வீடியோவப் பத்திப் பேச்செடுத்தீங்க, தெரியுது. பசியாறிட்டீங்களாண்ணே? கீழ தோசை இன்னும் இருக்கும். சரி, உக்காருங்க. அந்த மாலைய அப்படித் தள்ளி வச்சிருங்க, அது என்னோடதுதான்.

மாப்பிள்ளையே ஆள் விட்டுத் தவில்காரரக் கூப்பிடுறது புதுசா இருக்கும் உங்களுக்கு. ஒன்னும் இல்ல, ஒரு உதவி. மேல் மாடியில இன்னொரு கல்யாணம் நடக்குதே, அங்க யாரு வாசிக்கிறாங்க? ... தெரியாதா. முகூர்த்தம் எத்தனை மணிக்காம்? ... அதேதானா. ம். எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லார் வீட்டுச் சுவத்துலயும் ஒரே காலண்டர்தான தொங்குது, அப்புறம் எப்படி வேற நேரம் வரும். இந்தப் புக்கிட் காத்தில் ஊர்ல கல்யாணம் வைக்க வேற டேவானே, மண்டபமே கிடைக்கலண்ணே. எங்கம்மா கிடைச்சதைப் பிடிச்சிட்டாங்க. மேல ஒன்னு கீழ ஒன்னு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே போன வாரந்தான். அன்னிலேருந்து தூக்கம் இல்ல.

தாலி கட்டுறப்போ மேளத்துக்கு என் கை முந்திரும்னு பயமா இருக்குண்ணே. அவ்வளவுதான் விசயம்.

இல்ல, இது சும்மா மாப்பிள்ளைப் பயம் இல்ல. என் வேலையே அதுதான். எங்கம்மா வாசல்ல உங்ககிட்ட நான் டாக்டர்னு சொல்லியிருப்பாங்களே? ... நெனச்சேன். டாக்டர்லாம் இல்ல. கோலாலம்பூர்ல ஒரு யூனிவர்சிட்டியில மூளை ஆராய்ச்சி நடக்குற லேப்ல உதவியாளர். சுண்டெலி பழக்குறவன்னு சொன்னா சரியா இருக்கும். லூபோக் சீனாவுக்கு உள்ள தள்ளி, எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டம் ஒன்னு, அங்கதான் நான் பொறந்தது. எங்க லயத்து வீடுகள்லயே மொத டிகிரி நான்தான். எலி பழத்தக் கடிக்குதுன்னு தோட்டத்துல ஆந்தைக்குப் பெட்டி அடிச்சுக் கம்பத்துல மாட்டுவாங்க பார்த்திருப்பீங்க, எங்கப்பா அந்தப் பெட்டிய மாட்டுற வேலை. ஆந்தை எலியப் பிடிக்கணும்னு ஆயுசு பூராவும் ஏணி ஏறுனாரு. அவரு மகன் யூனியில போய்ப் பட்டம் வாங்கி, எலிக்குச் சொட்டுச் சொட்டாத் தண்ணி ஊட்டுறான். தோட்டத்துல என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

அதுல என்ன ஆராய்ச்சியா? சொல்றேன், சிரிக்கக் கூடாது. சரி, சிரிங்க. எலியோட மீசை பக்கத்துல ஒரு சின்னக் கம்பி வரும். கம்பி முன்னாடி வந்துச்சுன்னா ஒரு பக்கக் குழாய நக்கணும், பின்னாடி வந்துச்சுன்னா மறுபக்கக் குழாய. சரியா நக்குனா ஒரு சொட்டுத் தண்ணி. ஆனா கம்பி வந்த ஒடனே நக்கக் கூடாது. கம்பி போயிரும். எலி சும்மா இருக்கணும். அப்புறம் பீப்னு ஒரு சத்தம் வரும், அதுக்கப்புறந்தான் நாக்க நீட்டணும். அந்தச் சும்மா இருக்குற கொஞ்ச நேரம் இருக்கே, எங்க புரொபசர் அம்மாவுக்கு அதுதான் வேணும். கம்பியும் இல்ல, சத்தமும் இல்ல, நாக்கும் வெளிய வரல. ஆனா எந்தப் பக்கம் நக்கணும்ங்கிறது எலிக்குள்ள எங்கயோ இருக்கு. எங்க இருக்கு, எப்படிக் கலையாம இருக்கு, அதுதான் கேள்வி.

நீங்களும் அந்த எலிதாண்ணே. கோவிச்சுக்காதீங்க. ஐயர் விரல் தூக்குறதுக்கு முன்னாடி நீங்க குச்சியத் தூக்கி வச்சிட்டு அவரையே பார்த்துட்டு இருப்பீங்கல்ல? அப்ப தவில் சத்தமே இல்ல. ஆனா உங்க மண்டைக்குள்ள அடி தொடங்கியாச்சு. முன்பக்கத்துல இருக்குற நரம்பணுக்கள் விடாமத் துடிச்சுக்கிட்டே இருக்கும். அடிக்கணும், அடிக்கணும், அடிக்கணும்னு. சட்டைப் பையில சாவியப் போட்டு வச்ச மாதிரி இல்லண்ணே அது. சாவி சும்மாக் கிடக்கும். இது சும்மாக் கிடந்தா செத்துரும். ஒன்னு இன்னொன்ன எழுப்பணும், அது திருப்பி இத எழுப்பணும். நாயனக்காரரு ஒரு அடி விட்டா நீங்க எடுத்துக் குடுக்குறீங்கல்ல, அப்படி. மூளையோட மேல் பக்கமும் உள்ள நடுவுல இருக்குற ஒரு இடமும் மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் அந்த நெனப்பு நிக்கும். ஒரு பக்கத்த நிறுத்திப் பார்த்திருக்காங்க. இன்னொரு பக்கம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அடங்கிருச்சு.

நான் கண்டுபிடிச்சது இல்ல இதெல்லாம். எங்கெங்கயோ உள்ள பெரிய ஆளுங்க கண்டுபிடிச்சது. நான் கூண்டு கழுவுறேன், எலி பழக்குறேன், கூடவே நின்னு பார்க்குறேன். பார்த்ததுல எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒன்னுதான். அந்தத் துடிப்பு நேரம் ஆக ஆக ஏறும். ஏறி ஏறி விளிம்புல வந்து நிக்கும். அப்ப பீப் வரணும்னு கூட இல்ல, பீப் மாதிரி ஒன்னு வந்தாப் போதும். ஒரு தடவ பக்கத்து அறையில எவனோ ஒருத்தன் போன் சத்தம் கேட்டுச்சு, எங்க எலி டக்குனு நக்கிருச்சு. நல்லாப் பழகுன எலிண்ணே அது. பழகாத எலி தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

அதனாலதான் அந்த வீடியோவப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரல.

கேளுங்க. மாப்பிள்ளை பேரு கவிநேசன். மலாக்கா டவுன்ல, ரெண்டு மாடி டேவான். தை மாசம், சனிக்கிழமை. ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம், அது முடிஞ்சதும் முகூர்த்தம். அவங்கம்மா பாக்கியலட்சுமி, ராகு காலம்னா பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்களாம். மகனுக்கு ஒரு வாரமா வீட்டுல வச்சுப் பயிற்சி. குத்துவிளக்குக் கழுத்துல சப்பாத்துல உள்ள லேஸ் கயிறச் சுத்தி முடிச்சுப் போடச் சொல்லி, இவங்க தட்டுல கரண்டியால தட்டுவாங்களாம். கெட்டிமேளம் கேட்ட ஒடனே கட்டிரணும்டா, யோசிச்சுக்கிட்டு நிக்காதன்னு. யோசிக்காதங்கிறதுதான் முக்கியம். கவிநேசன் நல்ல புள்ள. யோசிக்காம இருக்க நல்லாவே கத்துக்கிட்டான்.

அன்னிக்குச் சடங்கெல்லாம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு. தாலித் தட்டு எல்லார் கையும் பட்டுத் திரும்பி வந்தாச்சு. ராகு காலம் மட்டும் முடியல. எல்லாரும் கையில மஞ்சள் அரிசிய வச்சுக்கிட்டுக் கடிகாரத்தப் பார்த்துட்டு இருக்காங்க. அப்பத்தான் போட்டோகாரன் வந்தான். பிரதர், சும்மா இருக்குற நேரத்துல ஒரு ஷாட் எடுத்துருவோம், தாலிய பொண்ணு கழுத்தோட வச்சு அப்படியே பிடிங்க, கட்ட வேணாம், பிடிங்க மட்டும், என்னைப் பாருங்க, பொண்ணு கொஞ்சம் தலை குனிங்க, ஹோல்ட் பிரதர் ஹோல்ட், இன்னும் ஒன்னுன்னு.

யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒரு வாரமாப் பழகுன கை. கயிறு ரெண்டு முனையும் விரல்ல. பொண்ணோட பின்கழுத்து சூடு கையில படுது. முன்னாடி பிளாஷ் அடிக்குது. அவனுக்கு வேற ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. ஊர்ப் பேரு கேட்டா யோசிச்சிருப்பான். கட்டணும், கட்டணும், கட்டணும்னு மண்டை பூராவும் அது மட்டுந்தான். விளிம்புல நிக்கிறான்.

மேல் மாடியில கெட்டிமேளம் கொட்டுச்சு.

மேல யாழ்ப்பாணத்துக்காரங்க கல்யாணம். அவங்களுக்கு அந்த நேரந்தான் முகூர்த்தமாம். படிக்கட்டு வழியா மடமடன்னு எறங்கி வந்துச்சு சத்தம். கவிநேசன் கட்டிட்டான். மொத முடிச்சு, கச்சிதமா. அது மட்டும் இல்ல, கீழ உக்காந்திருந்ததுல பாதிச் சனம் அரிசியத் தூவிருச்சு! வீடியோவ அடுத்த தடவ நல்லாப் பாருங்க. ஒரு பெரியவரு தூவிட்டுக் கன்னத்துல வேற போட்டுக்குறாரு. எல்லார் கையுந்தான் முந்துச்சு. மாட்டுனவன் அவன் ஒருத்தந்தான்.

ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் நாத்தனார்தான போடணும். அவன் அக்கா திலகா பின்னாடி நிக்கிறாங்க. அவங்க போடல. ஏன்னா அவங்க உங்க மாதிரி ஒருத்தரைப் பார்த்துட்டு இருந்தாங்க. கீழ வாசிக்க வந்த தவில்காரரு குச்சியத் தவில் மேல சாச்சு வச்சிட்டுத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. மேளம் நம்மளது இல்லன்னு அவங்களுக்கு மட்டும் கண்ணால தெரிஞ்சுது. அவங்க அடேய்னு கத்துனாங்க.

ஆமா, வீடியோ அந்த எடத்துல முடிஞ்சிரும். அதான் சிரிப்பா இருக்கு. இன்னொரு துண்டு வீடியோ இருக்கு, அத யாரும் பரப்பல, மாமாகிட்ட கேட்டு வாங்கித்தான் நான் பார்த்தேன்.

பாக்கியலட்சுமி மேடையில ஏறிட்டாங்க. ராகு காலத்துல கட்டிட்டியேடா பாவி, அவுருடா, அவுத்துட்டு நேரம் வந்ததும் கட்டுன்னு. பழக்குனதும் அவங்கதான், திட்டுனதும் அவங்கதான். ஐயரு அப்படியும் சொல்ல முடியாம இப்படியும் சொல்ல முடியாம நெய்ய ஊத்திக்கிட்டே இருக்காரு. ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. ஒரு முடிச்சுப் போட்டாக் கல்யாணமா, மூணு போட்டாத்தான் கல்யாணமா? அவுத்தா என்ன சாங்கியம்? அவுக்காம விட்டா மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமா? பொண்ணு ராசியப் பத்தி ஒரு அத்தை ஆரம்பிச்சிட்டாங்க. முந்துனது மாப்பிள்ளை கை, கெட்டது பொண்ணு ராசி. நம்ம ஆளுங்க கணக்கு எப்பவுமே அப்படித்தான.

பொண்ணு அதுவரைக்கும் தலை குனிஞ்சுதான் உக்காந்திருந்தாங்களாம். அப்புறம் கையத் தூக்கி அந்த ஒரு முடிச்ச மூடிக்கிட்டாங்க. மெதுவாத்தான் சொன்னாங்களாம். மிச்ச ரெண்ட நல்ல நேரத்துல போட்டுக்கலாம், இது இருக்கட்டும். அவுத்தீங்கன்னா திரும்பக் கட்ட வேணாம்.

எல்லாரும் கவிநேசனப் பார்க்குறாங்க. அவன் அவங்கம்மாவப் பார்க்குறான். அப்படியே பத்தரை ஆயிருச்சு. ஐயரு பழக்க தோசத்துல விரல் தூக்கிட்டாரு. தவில்காரரு என்ன பண்ணுவாரு பாவம், விரலப் பார்த்தாரு, அடிச்சிட்டாரு. கீழ கெட்டிமேளம் கொட்டுதுண்ணே. ஊரே எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சோ, அந்த நேரம், அந்த மேளம். அதுல அவன் முடிச்ச அவுக்குறான்.

பொண்ணு எந்திரிச்சு, மாலையக் கழட்டி நாற்காலியில வச்சிட்டு, நேரா வெளிய நடந்து வேன்ல ஏறி உக்காந்துட்டாங்க. மருதமுத்து மாமா பொட்டலமா தாப்பாவ் பண்ணுன சாப்பாட்டத் தொறந்து வச்சிருந்தாராம், அப்படியே மூடிட்டு ஸ்டார்ட் பண்ணிருக்காரு. தாலி கட்டுன பெறகு கையெழுத்துப் போடலாம்னு ரெஜிஸ்தர் மேசை அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருந்துச்சு, அதுல யாரும் உக்காரல. அதனால சட்டப்படி அங்க ஒன்னுமே நடக்கல. வாட்ஸ்அப்புல மட்டுந்தான் நடந்துச்சு.

யாரு, என் பேருதான கூப்பிடுறாங்க? இல்ல, மாப்பிள்ளைத் தோழனத் தேடுறாங்க. இருங்கண்ணே, இன்னும் உதவியக் கேக்கவே இல்ல.

ரெண்டு விசயம். ஒன்னு, நீங்க உக்காந்து வாசிக்கிற பாய இழுத்து என் கண்ணுக்கு நேராப் போட்டுக்கங்க. காத நம்புறதா இல்ல நான். மேல அடிச்சாலும், படிக்கட்டுல அடிச்சாலும், உங்க குச்சி எறங்குறத கண்ணால பார்த்தாத்தான் கை நகரும்னு ஒரு வாரமாப் பழகிட்டு இருக்கேன். யாரு பழக்குனதா? என் ரூம்மேட் ஷங்கர். ஒரு கையில போன்ல கெட்டிமேளத்த ஓட விட்டுக்கிட்டு இன்னொரு கையால ஜாடை காட்டுவான். முக்காவாசித் தடவ சரியா இருந்தேன்.

ஆமா, அந்தக் கால்வாசிதான் பிரச்சினை. அதுக்குத்தான் ரெண்டாவது உதவி. அண்ணே, நான் எவ்வளவு பழகுனாலும் என் மண்டைக்குள்ளயும் அதே துடிப்புதான். மேல அடிக்கிறப்போ என் கை முந்திருச்சுன்னா, நீங்க ஐயர் விரலுக்குக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒடனே அடிச்சிருங்க. என் கை நகருதுன்னு பார்த்த நொடியே மேளத்த இறக்கிருங்க. நீங்க அடிச்சா அதுதான் முகூர்த்தம். அரிசி விழுந்துரும். மிச்ச ரெண்டு முடிச்சும் விழுந்துரும். கை முந்துச்சா மேளம் முந்துச்சான்னு எந்த வீடியோவ வச்சும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஐயர் கோவிச்சுப்பாருதான். எங்கம்மாவும் கோவிச்சுப்பாங்க. நான் அப்புறமாச் சமாளிச்சுக்குறேன்லா. ... ஏன் இப்படிப் பார்க்குறீங்க? இதுக்குப் போயி இவ்வளவு பயமான்னா? மத்த மாப்பிள்ளைனா முந்துனாலும் வீடியோ போடுவாங்க, சிரிப்பாங்க, ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க. இங்க அப்படி முடியாது. இந்தக் கழுத்துல இன்னொரு தடவ நேரம் தப்பிருச்சுன்னா அந்த அத்தை சொன்ன ராசிதான்னு எல்லாரும் முடிவு கட்டிருவாங்க.

வாசல் பேனர்ல பேரு பார்த்தீங்கல்ல, தேவிஸ்ரீன்னு? அவங்கதான் அந்தப் பொண்ணு.

பரவால்லண்ணே. அட, விடுங்க. நீங்க சிரிச்சத நான் அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அவங்களே சிரிப்பாங்க சில நாளு. மருதமுத்து மாமா எனக்குத் தூரத்துச் சொந்தம், அவரு வழியாத்தான் பழக்கமாச்சு. அந்த நாளப் பத்தி நான் கேட்டது இல்ல. ஒரே ஒரு தடவ, எலி சங்கதி எல்லாம் சொல்லி, கவிநேசன் மேல தப்பே இல்லீங்க, அது மூளை பண்ணுற வேலைன்னு பெரிய அறிவாளி மாதிரி விளக்குனேன். முழுசாக் கேட்டுட்டுச் சொன்னாங்க. கட்டுனது அவரோட கைதான், அது எனக்கும் தெரியும். அவுத்தது அவரு.

அதுக்கு மேல நான் எலியப் பத்திப் பேசல.

இதோ வரேன் வரேன்! கூப்பிட்டாச்சுண்ணே. அந்த மாலைய எடுத்துக் குடுங்க. இன்னும் கொஞ்சம் பழகிருக்கணும். நீங்க போய்ப் பாய மாத்திப் போட்டுக்கங்க, என் கண்ணுக்கு நேரா. மறந்துறாதீங்க.

இன்னொன்னு. இத எங்கம்மாகிட்டச் சொல்லிறாதீங்க. அன்னிக்கு அந்த மேல் மாடி யாழ்ப்பாணத்துக்காரங்க மட்டும் ஏன் ராகு காலத்துல கட்டுனாங்கன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்க ஐயரையே தேடிப் போய்க் கேட்டேன். அப்புறம் நானும் தனியாக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராகு காலத்த அந்தந்த ஊரு சூரியன் உதிக்கிறதுலேருந்துதான் எண்ணணுமாம். காலண்டர்ல உள்ளது ஆறு மணிக்கு உதிக்கும்னு வச்சுப் போட்டது. தை மாசம் மலாக்காவுல ஏழே கால் தாண்டித்தான் சூரியனே வருது, உதிச்சு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் சனிக்கிழமை ராகு காலம், அப்ப அது பத்தே காலுக்கு மேலதான் ஆரம்பிக்குது. அந்த ரெண்டு வீடியோவுலயும் பின்னாடி சுவத்துல கடிகாரம் தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மொத வீடியோவுல பத்து தாண்டிக் கொஞ்சம். ரெண்டாவதுல பத்தரை தாண்டியாச்சு.

கவிநேசன் கட்டுனது நல்ல நேரத்துலதாண்ணே. அவுத்ததுதான் ராகு காலத்துல.